மாமாவுக்குக் கடலை ஆகாது

என் தாய்மாமாவுக்கு வாழ்நாளில் சில நாட்கள் மட்டும் நிலக்கடலை ஆகாமல் இருந்தது. அந்த நாட்களில் அவர் கப்பலில் இருந்தார். கரையில் அவரைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மதுரைக் காளவாசலில் மோட்டார், பம்பு, பைப்பு விற்கும் கடை அவருடையது. கடையில் ஸ்பேனர் இருக்கிறதோ இல்லையோ, மேசை இழுப்பறையில் வறுத்த கடலை இருக்கும். சட்டைப் பையிலும் இருக்கும். போர்வெல்லில் தண்ணீர் வற்றிவிட்டது என்று ஒரு விவசாயி கண்கலங்கிப் பேசும்போதும், மாமா கடலைத்தோலை ஊதிக்கொண்டுதான் ஆறுதல் சொல்வார்.

கடலை ஆகாதது எனக்கு. அது தெரியவந்ததும் அவரால்தான்.

எனக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். முறைப்படி மாமா மடியில் உட்கார வைத்தார்கள். நான் ஊரைக் கூட்டி அழுதிருக்கிறேன். பிள்ளை வாயை அடைக்க மாமாவுக்குத் தெரிந்த ஒரே வழி சட்டைப் பையில் இருந்தது. ஒரு கடலை உருண்டையைக் கிள்ளி என் வாயில் வைத்தார். சற்று நேரத்தில் உதடு தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. முதலில் பழி ஆசாரியின் ஊசி மேல் விழுந்தது. பிறகு கம்மலின் தங்கத்தின் மேல். அதற்கும் பிறகு, ‘புள்ள என்னா அழகு’ என்று வாய்தவறிச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி மேல். ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் நிதானமாக, பிள்ளை கடைசியாக என்ன தின்றது என்று கேட்டார்.

மாமா அன்று சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு பனியனோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்ததாக அப்பா சொல்வார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு சடங்கு உண்டு. கேட்டுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அவருக்கென்று துவைத்த சட்டை தொங்கும். போட்டிருப்பதைக் கழற்றிவிட்டு, குழாயடியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, அந்தச் சட்டையை மாட்டிய பிறகுதான் என்னைத் தூக்குவார். கழற்றிப் போட்ட சட்டையிலிருந்து ஒரு வாசம் வரும். அது வந்தால் மாமா வந்துவிட்டார் என்று அர்த்தம். அது கடலை வாசம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மாமா வாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் நின்றுபோயிற்று. அம்மாவின் கைப்பையில் மருந்தும் அவசர ஊசியும் குடியேறின. ஆனால் இந்த விஷயம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: “வெளிய மூச்சு விட்ராதீக. பொம்பளப் பிள்ளை. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் இதையும் சேர்த்துல கேப்பான்?” பால்பல் விழாத பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டாரை நினைத்துப் பயந்த குடும்பம் எங்களுடையது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அம்மா எனக்கு வீட்டிலேயே ஊட்டிவிட்டுத்தான் கூட்டிப்போவாள். பந்தியில் உட்காரச் சொன்னால், “பிள்ளைக்கு வயித்துவலி” என்பாள். வருஷக்கணக்கில் எனக்கு வயிற்றுவலி இருந்தது. ‘அவ வீட்டுச் சோறு மட்டுந்தான் சோறு’ என்று சொந்தக்காரர்கள் அம்மாவைப் பேசினார்கள். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு எட்டு வயதானபோது, அந்த வருஷம் நிறைய மோட்டார் விற்ற டீலர்களை மோட்டார் கம்பெனி கப்பலில் கூட்டிப்போவதாக அறிவித்தது. கொச்சியில் ஏறி, கடலில் சுற்றி, கொச்சியிலேயே இறங்க வேண்டும். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்றால் நாங்கள்தான். அப்பாவுக்குக் கப்பலூர் கம்பெனியில் லீவு தரவில்லை. கப்பலூருக்கு வேலைக்குப் போகிறவனுக்குக் கப்பலில் போகக் கொடுத்துவைக்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த நீர்நிலை வண்டியூர்த் தெப்பக்குளம் ஒன்றுதான். “தெப்பக்குளத்தை விடப் பெருசா மாமா?” என்று கேட்டேன்.

“அதவிடக் கொஞ்சம் பெருசு தாயி” என்றார். அவரும் கடலில் போனதில்லை.

அம்மா வரவே மாட்டேன் என்றாள். மூன்று வேளையும் கப்பல் சோறு. அதில் எந்த எண்ணெய், எந்தப் பொடி என்று யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில்தான் கம்பெனி அதிகாரி ஒருவர், யாருக்காவது ஆகாத சாப்பாடு இருந்தால் கப்பலுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், தனியாகச் சமைத்துத் தருவார்கள் என்று போனில் கேட்டார். அந்த அதிகாரி நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்வதும் காளவாசல் சிக்னலில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மாமா கையை எடுத்தார்.

“எனக்குத்தான் சார். நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு பட்டாலும் ஆளு காலி.”

இப்படித்தான் மாமாவுக்குக் கடலை ஆகாமல் போயிற்று. ஏற்பாடு எளிது: அவருக்கென்று வரும் தட்டில் நான் சாப்பிட வேண்டும். தாய்மாமன் தட்டில் மருமகள் சாப்பிடுவதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மதுரைக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மாமா எதைச் சாப்பிடுவார் என்று யாரும் யோசிக்கவில்லை.

துறைமுகத்தில் பைகளைச் சோதித்தவர்கள் முதல் வேலையாக அம்மாவின் புளிச்சோற்றுத் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சமைத்த சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். மருந்துப் பையை மட்டும் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு விட்டார்கள். நல்லெண்ணெயில் கிளறிய சோற்றை அந்நிய மனிதன் கையில் விட்டுவிட்டு வந்த அம்மா, மாடி மாடியாக உயர்ந்து நின்ற கப்பலை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு அது மிதக்கும் சமாச்சாரமாகவே தோன்றவில்லை. யாரோ கல்யாண மண்டபங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளையடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தின் மேற்பார்வையாளர் பாலக்காட்டுக்காரர். தமிழ் பேசுவார். முதல் வேளையே மாமாவைத் தேடி வந்து வணங்கி, “சார், நீங்க பேடிக்கவே வேண்டாம், பயமே வேண்டாம். உங்களுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. நாளைக்கு என்ன வேணும்னு இன்னைக்கே சொல்லுங்க” என்றார். அம்மா சும்மா விடவில்லை. எந்த எண்ணெய், தாளிப்பது எதில், பொரித்த சட்டியில் அதற்கு முன்னால் என்ன பொரித்தீர்கள் என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஓர் அக்கா தம்பியின் மேல் இவ்வளவு உயிராக இருக்கிறாளே என்று அவர் உருகிப்போனது முகத்தில் தெரிந்தது.

மூடி போட்டு, சின்ன சிவப்புக்கொடி குத்திய தட்டு வந்தது. உள்ளே பூரி, கிழங்கு, ஒரு கிண்ணத்தில் பால்பாயசம். நான் சாப்பிட்டேன். வீட்டுக்கு வெளியே, ஒரு கூட்டத்தின் நடுவில், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் நானும் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பூரியின் ருசியை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு தடிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. அப்புறம்தான் அவள் தன் தட்டில் கை வைத்தாள்.

மாமா எழுந்து, எல்லோருக்கும் பொதுவாகப் பரப்பி வைத்திருந்த சாப்பாட்டுப் பக்கம் போனார். அங்கே ஒரு பாத்திரத்தில் மசாலாக் கடலை இருந்தது. அவர் கை பழக்கத்தில் அதை நோக்கித்தான் போயிருக்கிறது. “சார்!” என்று ஓர் அலறல். பாலக்காட்டுக்காரர் பாய்ந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. அதன்பின் மாமா எந்தப் பாத்திரத்தின் அருகில் போனாலும் ஒரு பணியாளர் பணிவாகக் குறுக்கே வந்து நின்றார். தோசை எடுக்கப் போனால், அந்தச் சட்னியில் சந்தேகம் இருக்கிறது சார். குழம்பு எடுக்கப் போனால், அதிலும் சந்தேகம் சார். அத்தனை வகைச் சோறு கறிக்கு நடுவில் என் மாமா வாழைப்பழம் தின்றார். அறையில் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். “நீ சிரி, நல்லா சிரி. எனக்கு இங்க குடல் ஒட்டிப்போச்சு” என்றார் மாமா. மறுவேளையிலிருந்து தனித்தட்டு இரண்டு கேட்டார். சாருக்கு நல்ல பசி என்று பாலக்காட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

எங்கள் மேசையில் திருமங்கலத்து டீலரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். அந்தம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். பெரிய சிரிப்பு, பெரிய குரல், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதல் நாளே மாமாவைப் பார்த்ததும் பெரியம்மா அம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கையின் போட்டோவைப் போனில் காட்டினார். அம்மா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மாமாவும், கடலைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார். பெரியம்மாவின் வீட்டுக்காரர், “என்ன மாப்ள, காத்து இந்தப் பக்கமா அடிக்குது?” என்று கேட்க, மாமாவின் காது சிவந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில் எதுவும் அமையாமல், அம்மா கும்பிடாத கோயில் இல்லை என்றிருந்த காலம் அது.

அடுத்த நாளிலிருந்து பெரியம்மாவின் நாற்காலி மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது. மாமாவின் தட்டில் குத்தியிருந்த சிவப்புக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். நான் பக்கத்தில்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தப்பா நினைக்காத தங்கச்சி. உன் தம்பி தங்கமான ஆளுதான். ஆனா ஒரு பருப்பு பட்டா ஆளு காலிங்கிறாகளே. எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? தெரிஞ்சே குடுத்தோம்னு ஆயிரும்ல?”

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று மத்தியானம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மாமாவிடம் அவள் சொல்லியிருக்க வேண்டும். அவரும் தட்டை அளைந்துகொண்டிருந்தார். “விடுக்கா. நமக்கு எழுதலைன்னா விட்ரு” என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்று பனீரும் சப்பாத்தியும் வந்திருந்தது. எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம், மேல்மாடி அரங்கத்தில் டீலர்களுக்குப் பாராட்டு விழா. சாப்பாட்டுக் கூடம் இல்லை என்பதால் பாலக்காட்டுக்காரர் அங்கே இல்லை. மாமாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் மேடையேறினார். தம்பி கேடயம் வாங்குவதைப் படமெடுக்க அம்மா போனோடு முன்னால் போனாள். அந்தப் பயணத்தில் அவள் கை என் கையை விட்டது அந்த ஒரு தடவைதான். தட்டுகளில் பிஸ்கட் வந்துகொண்டிருந்தது.

“பிள்ளைய எந்நேரமும் முந்தானையிலயே முடிஞ்சு வச்சிருக்கா உங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா என்னை முன்வரிசையில் மற்ற பிள்ளைகளோடு உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட்டையும் கொடுத்தார். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஏதோ பசை. கடலையைத் தோலோடும், வறுத்தும், உருண்டையாகவும் எனக்குக் காட்டி, இதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பசையாகக் காட்டியதில்லை. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போது அந்த வாசம் வந்தது. கேட்டுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வாசம். கடல் நடுவில் எங்கள் வீட்டு வாசல் வந்துவிட்டது மாதிரி எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேடையைப் பார்த்துக் கத்தினேன்.

“மாமா! இந்த பிஸ்கட்டுல உங்க சட்டை வாசம் வருது!”

மாமா கையில் கேடயத்தோடு மேடையிலிருந்து குதித்தார். படியில் இறங்கினார் என்று சொல்ல முடியாது. கேடயம் எங்கோ உருண்டது. பிஸ்கட்டை என் கையிலிருந்து பிடுங்கித் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். “தின்னியா? நாக்கக் காட்டு, நாக்கக் காட்டு” என்று அம்மா ஓடிவந்தாள். தின்னவில்லை. பல்கூடப் படவில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மைக்கைப் பிடித்திருந்த கம்பெனி அதிகாரி, கடலைப் பிஸ்கட் மாமாவின் கையில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். “ஐயோ, சார் தொட்டுட்டாரு! டாக்டரக் கூப்பிடுங்க!” என்று மைக்கிலேயே அலறினார். பத்துப் பேர் சேர்ந்து மாமாவை நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தார்கள். ஒருவர் விசிறினார். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். “எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளையப் பாருங்க” என்று அவர் திமிற, “பேசாதீங்க சார், மூச்சு வாங்கும்” என்றார்கள். மூலையில் அம்மா என் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை யாரும் கவனிக்கவில்லை. பெரியம்மா மட்டும் கவனித்தார். என்னையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார்.

“கடலையே ஆகாதவரு சட்டையில கடலை வாசம் எப்பிடி வரும்?”

மாமா நிமிர்ந்தார். வேர்த்த முகத்தோடு, “அது... கடையில வேலை பாக்குறவய்ங்க திம்பாய்ங்க. எனக்குத்தான் ஆகாது. எனக்கேதான்” என்றார்.

அம்மா என் கையைத் துடைத்தாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளையை யாரும் தூக்குவதில்லை. என் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

“தம்பிக்கு ஒண்ணுமில்லக்கா. அவன் பொழுதுக்கும் கடலை திம்பான். கடலை ஆகாதது எம்பிள்ளைக்கு. வெளிய தெரியக்கூடாதுன்னு அவன் பேர்ல போட்டுக்கிட்டான்.”

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகிய மூன்று மாவட்டத்து மோட்டார் டீலர்களும் குடும்பத்தோடு அதைக் கேட்டார்கள். அம்மாவின் உடம்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஏசியை அதிகமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அடிப்பாவி, இதுக்கா இம்புட்டு நாடகம்? எனக்கு எறா தின்னா மூஞ்சி பூசணிக்காயா வீங்கிரும். கல்யாணத்துக்கு அப்பறந்தான் இவருக்கே தெரியும். திருப்பியா அனுப்பிட்டாரு?”

“அனுப்பத்தான் நினைச்சேன். அதுக்குள்ள நல்லா மீன்குழம்பு வச்சுட்டா” என்றார் அவர் வீட்டுக்காரர். அரங்கமே சிரித்தது. விசிறிக்கொண்டிருந்தவரும் சிரித்தார், விசிறியை நிறுத்தாமல்.

அன்றிரவுச் சாப்பாட்டில் சிவப்புக்கொடி என் தட்டில் இருந்தது. பாலக்காட்டுக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார். இப்படி ஒரு விஷயத்தில் விளையாடலாமா என்று மாமாவைக் கடிந்தார். பிறகு மசாலாக் கடலையை ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து, எங்கள் மேசையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு மூலையில் வைத்து, மாமாவை அங்கே போய் உட்காரச் சொன்னார். மாமா போகவில்லை. பசியே போய்விட்டது என்றார்.

அந்த டீச்சர்தான் இன்று என் மாமி. அவள் சமையலறையில் கடலை எண்ணெய் கிடையாது. அவர்கள் கல்யாணத்தில் நான் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். “இந்தப் பிள்ளைக்குக் கடலை ஆகாது, பாத்துப் போடுங்க” என்று அம்மா பரிமாறுகிறவர்களிடம் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், சொன்னோம், சரி என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அந்தச் சாயங்காலம் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தம்பியின் வாழ்க்கையைத் தூக்கிவிட மகளின் வாழ்க்கையிலிருந்து ஒரு செங்கலை உருவுகிறோம் என்பதுதான். மருமகளுக்காகத் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை மாமா முன்பே உருவியிருந்தார் என்பதும்.

அன்று அரங்கத்தில் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு மாமாவைக் காணவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது.

“ஏன்க்கா சொன்ன? நாந்தான் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன்ல? பிள்ளை பேரு என்னாகும்?”

“உன் பேரு என்னாச்சுடா? அது மட்டும் போகலாமா?” என்றாள் அம்மா. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று அழுதார்கள்.

நான் மாமாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். “அழாதீக மாமா. அந்த பிஸ்கட்டு நல்லாவே இருந்திருக்காது. உங்க சட்டை வாசந்தான் அடிச்சுச்சு” என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். மாமா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதார்கள். ஒரு பிஸ்கட்டுக்காகப் பெரியவர்கள் இவ்வளவு அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.